முழங்கையை அளக்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கிரிக்கெட் ஆட்டங்களை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

பழைய வட ஆற்காட்டில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். குடியாத்தம் பக்கத்துப் பையன் ஒருவனுக்காக எழுதுகிறேன். பாலாற்று மணலில் டென்னிஸ் பந்து போட்டு வளர்ந்தவன். நல்ல உயரம், அசல் வேகம். போட்டி ஒன்றில், பந்து போடும்போது மடங்கிய முழங்கையை நீட்டி எறிகிறான் என்று ஒரே ஓவரில் இரண்டு முறை நோ-பால் கொடுத்துவிட்டு, அவனிடமிருந்து பந்தை வாங்கிவிடும்படி கேப்டனிடம் சொல்லிவிட்டார் நடுவர். அது அவர் கடமை; குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பொறுக்கவில்லை. கையில் என்ன கோளாறு என்று ஒருவரும் அவனுக்கு விளக்கவில்லை. "எறிகிறான்" என்ற பேச்சு ஊர் ஊராகப் போனது. அடுத்த தேர்வுக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை.

இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் எல்லைக்கோட்டருகே நிற்கிறான். பந்தைத் தடுத்ததும் கையை மேலே தூக்குவதில்லை; விக்கெட் கீப்பர் கத்தினாலும் கீழ்க்கையாகவே உருட்டிவிடுகிறான். ஃபீல்டர் எறியலாம், அதற்குத் தடையில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கை எழவில்லை.

1963 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் இயன் மெக்கிஃப்புக்கு ஒரே ஓவரில் நான்கு முறை நோ-பால் கொடுத்தார் நடுவர் கோல் ஈகர். அந்த ஆட்டத்தோடு மெக்கிஃப் விளையாட்டையே விட்டுவிட்டார். அன்று நடுவரின் கண்ணைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. இன்று அப்படியா? பெரும்பாலான வீச்சாளர்களின் முழங்கை ஓரளவு மடங்கி நீள்வதைக் கேமராக்கள் காட்டிய பிறகுதான், எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி வரை அனுமதித்தது சர்வதேச கிரிக்கெட் கவுன்சில். அதை அளக்க அந்தக் கவுன்சில் அங்கீகரித்த ஆய்வகம் சென்னை போரூரில், ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிறது. வங்கதேசத்தின் தஸ்கின் அகமதை 2016-இல் அங்கேதான் சோதித்தார்கள். தடை விதித்தார்கள், அவர் திருத்திக்கொண்டார், அதே ஆண்டில் மறுசோதனையில் தேறித் திரும்பினார்.

அவ்வளவு தூரம் எதற்கு, சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோதே அவர் பந்துவீச்சின் மீது சந்தேகம் எழுந்தது. பயிற்சியாளர்கள் கூடவே நின்று திருத்தினார்கள். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக ஆடினார். எங்கள் பையனுக்கு இல்லாமல் போனது அந்தத் துணைதான்.

சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் ஸ்கொயர் லெக் பக்கத்திலிருந்து செல்போனில் படம் பிடியுங்கள். அதைப் பையனிடமும் அவன் பயிற்சியாளரிடமும் காட்டி, எழுத்தில் கொடுங்கள். தோள் வலுவில்லாமல் முழங்கை உதவிக்கு வருகிறதா, களைப்பில் மட்டும் அப்படி நேர்கிறதா என்று பார்க்க ஒரு பயிற்சியாளரை ஒதுக்குங்கள். திருத்திய பிறகு மறுபடி பந்து போட ஒரு தேதி கொடுங்கள். 14 வயதிலேயே இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். 19 வயதில் பழகிய கையை மாற்றுவது பெரும்பாடு.

இந்தப் பையனுக்கு அந்தத் தேதியை இந்த மாதமே கொடுங்கள். காலையில் வலையில் அவனோடு நிற்க நான் தயார். அவன் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கம்பெனியிடம் நானே பேசுகிறேன்.