பாப்பா, மெக்கானிக்கிடம் இன்னும் பணம் கொடுக்காதே

பாப்பாவுக்கு,

நேற்று போனை வைத்த பிறகும் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் உதறுகிறது, உள்கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி இரண்டாகத் தெரிகிறது, இரண்டு தடவை தானாகவே ஆஃப் ஆகிவிட்டது. ஓசூரில் நீ பார்த்த மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டர், இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். பானட்டைத் திறந்து பார்த்தாரா என்று கேட்டதற்கு, "சத்தத்தைக் கேட்டே சொல்லிட்டாரும்மா" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஒன்றும் மண்டையில் ஏறாது.

இந்த மாருதி 800-ஐ 1997-லிருந்து ஓட்டியவள் நான். அப்பாவுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒர்க்ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக் கற்றதுதான்.

முதலில் ஒன்று. இந்த வண்டி கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். 796 சிசி, மூன்றே சிலிண்டர். பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது இன்ஜினின் ஒரு முனை தூக்க, மறுமுனை தாழும். அந்த ஆட்டம் பாடிக்கு வராமல் பிடித்துக்கொள்ளத்தான் ரப்பர் மவுண்ட் வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் கேப்பில் போய்விட்டு இதில் ஏறினால் எல்லாமே குலுக்கலாகத்தான் தெரியும். ஆனால் கண்ணாடியில் வண்டி இரண்டாகத் தெரிவது பிறவி நடுக்கம் இல்லை.

அம்மாச்சி வீட்டில் ஒரே உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். அடுப்பங்கரையில் இருந்தாலும், ஒருத்தி நிறுத்தினால் காதிலேயே தெரிந்துவிடும். ஒரு அடி விழாமல் தாளம் நொண்டும். மெக்கானிக்குகள் "மிஸ்ஸிங்" என்பது அதைத்தான். வண்டியை நியூட்ரலில் விட்டு, சைலன்சர் பக்கம் நின்று கேள். பட்-பட்-பட் என்று சீராக வந்தும் பாடி மட்டும் குலுங்கினால் மவுண்டைச் சந்தேகப்படலாம். தாளம் நொண்டினால் மவுண்ட் மாற்றி என்ன பிரயோஜனம்? ஒரு காகிதத் துண்டைச் சைலன்சர் வாயருகே பிடித்துப் பார். சீராகத் தள்ளாமல் நடுநடுவே உள்ளே இழுத்தால் அதுவும் மிஸ்ஸிங்தான், சில சமயம் வால்வு சரியாக மூடாததும்.

அடுத்தது பிளக் வயர், சிலிண்டருக்குள் பொறி போடுகிற பிளக்குக்குக் கரண்ட் கொண்டுபோவது. ஞாயிற்றுக்கிழமை வெட்டவெளியில் வைத்துச் செய், அபார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கில் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். துப்பட்டாவைக் கழற்றி வை. ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது, எப்போது சுற்றும் என்று சொல்ல முடியாது. முதலில் மூன்று வயரிலும் 1, 2, 3 என்று டேப் ஒட்டிவிடு. மாற்றிச் செருகினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, அப்படியே ஆனாலும் சைலன்சரில் பட்டாசு மாதிரி வெடிக்கும். பிறகு இன்ஜினை நிறுத்தி ஒரு வயரைக் கழற்று. அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் இரும்புப் பகுதி இன்ஜினில் நன்றாகப் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு. ஓடும்போது தொடாதே, சுரீர் என்று அடிக்கும். வயர் கழன்றதும் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. எதைக் கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் சும்மா இருக்கிற உலக்கை.

அந்தச் சிலிண்டரின் பிளக்கை அடுத்ததில் போட்டுப் பார். கோளாறு கூடவே போனால் பிளக், முடிந்தது கதை. போகாவிட்டால் அந்த வயருக்குப் பதில் புது வயர் போட்டுப் பார். அதற்கும் அசையவில்லையென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம், பார்க்கச் சொல், கூடவே வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட்டும். டேப்பட் லூசாக இருந்தால் டக்டக் என்று கத்திக் காட்டிக்கொடுக்கும். டைட்டாக இருப்பது சத்தமே போடாது, வால்வை முழுசாக மூட விடாமல் மெதுவாகக் கருக்கிவிடும். சத்தமில்லாத டேப்பட்டைப் பார்த்துச் சந்தோஷப்படாதே.

மூன்று சிலிண்டருமே வேலை செய்து, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் நடுக்கம் போய்விட்டால், காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று வைத்துக்கொள். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, இன்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம், அதில் ஓட்டை வழியாக இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் கலவை கெடும். வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது. நீ எட்டாவது படிக்கும்போது இதே வியாதி வந்தது. ஒரு ஒர்க்ஷாப்பில் பிளக், வயர், மூன்று பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப் எல்லாம் மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றிக் கழுவினார்கள். கடைசியில் பார்த்தால் கார்புரேட்டருக்குப் பின்னால் விரல் நீள ரப்பர் குழாய். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைத்தபோதுதான் அடிப்பக்கம் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி வாய் பிளந்தது. இருபது ரூபாய்க்கு முடிந்தது. மாற்றிய சாமான்களுக்குக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை.

ஆகவே எல்லாக் குழாயையும் வளைத்துப் பார். தலை வார வைத்திருக்கும் ஸ்ப்ரே பாட்டிலால் குழாய் முனைகளிலும், காற்று உள்ளே போகிற வழியின் இணைப்பில் இருக்கும் இன்டேக் பேக்கிங் ஓரத்திலும் கொஞ்சம் தண்ணீர் அடி. ஓட்டை இருந்தால் தண்ணீர் அடைத்துக்கொண்டு இன்ஜின் ஓட்டம் ஒரு நொடி மாறும். டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் மேல் மட்டும் படக்கூடாது. சிலர் பெட்ரோலையே அடிப்பார்கள். அந்த ஆளிடம் வண்டியை விடாதே.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதையும் மறக்காதே. புது வண்டியில் சென்சார் பார்த்து அளவைச் சரிசெய்துகொள்ளும். நம் கார்புரேட்டருக்கு மூளை ஏது? பெட்ரோல் வருகிற ஜெட்டில் அன்று போட்ட துளைதான். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும், அது ஐட்லிங்கில்தான் முதலில் தெரியும். பழைய ரப்பருக்கும் எத்தனால் ஆகாது. பெட்ரோல் குழாய் பிசுபிசுத்திருந்தால் யோசிக்காமல் மாற்று.

ஒன்றே ஒன்றை அனுமதிக்காதே. ஐட்லிங் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஓட்டத்தை ஏற்றி, "சரியாயிடுச்சு பாருங்க" என்பார்கள். நடுக்கம் மறையும், கோளாறு அங்கேயே இருக்கும், பெட்ரோல்தான் போகும். 2027-ல் மறுபடி ஆர்.சி. ரினியூவலுக்கு நிற்க வேண்டிய வண்டி இது.

பிளக் ஸ்பேனர் டிக்கியில் அப்பாவின் பழைய பனியனில் சுற்றி இருக்கிறது. பழைய பிளக் ஒன்றும் அதிலேயே இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு மூன்று பிளக்கையும் கழற்றி, வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பு. காப்பித்தூள் நிறம் என்றால் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், எண்ணெய்ப் பசை இருந்தால் எனக்கு உடனே போன் பண்ணு. எது எந்தச் சிலிண்டர் என்று கீழே எழுதி வை. போன தடவை மாதிரி எழுதாமல் அனுப்பாதே.

அம்மா