பிடித்த பணத்தைக் கட்டிவிடுங்கள்: போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு போக்குவரத்துத் துறை அமைச்சர், துறைச் செயலாளர், எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் மேலாண் இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 18 முதல் போக்குவரத்துத் தொழிலாளர்களும் ஓய்வுபெற்றவர்களும் தங்களுக்கு வர வேண்டிய நிலுவைப் பணத்தைக் கேட்டுக் காத்திருப்புப் போராட்டம் நடத்தியதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கழகங்களின் நட்டக் கணக்கும் என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது ஒன்றைப் பற்றித்தான்: தொழிலாளியின் சம்பளத்தில் நீங்கள் பிடித்த பணம்.

ஒரு ஓட்டுநரின் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), எல்.ஐ.சி. பிரீமியம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை என்று வரிசையாகப் பிடித்தம் இருக்கும். பிடித்ததை உரிய இடத்தில் கட்டாமல் டீசலுக்கும் அன்றாடச் செலவுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்கள் வருடக்கணக்காகச் சொல்லிவரும் புகார். விளைவு யார் தலையில் விடிகிறது? பிரீமியம் வரவில்லை என்று எல்.ஐ.சி. கடிதம் ஓட்டுநர் வீட்டுக்கு வருகிறது, கழகத்துக்கு அல்ல. மகள் கல்யாணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டுப் போனால், "கழகத்திலிருந்து எங்களுக்கே பணம் வரலையேப்பா" என்று கையை விரிக்கிறார்கள். சேமிப்பு கழகத்தின் செலவுக்குப் போய்விட, அதே மனிதர் வெளியே வட்டிக்கு வாங்குகிறார்.

ஒரு தனியார் முதலாளி தொழிலாளியிடம் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்கிறது. அரசு செய்தால் அதற்கு 'நிதி நெருக்கடி' என்று பெயர். சரி, நெருக்கடி இருக்கிறது. ஆனால் அவகாசமும் இருந்ததே? ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ஓய்வுக்காலப் பணத்தைக் கொடுக்க வேண்டிய நாள் உங்களுக்கு இரண்டு வருடம் தள்ளிப்போனது. அப்போதே ஒரு நிதியைச் சேர்த்து வைத்திருக்கலாம்.

2018 ஜனவரியில் வேலைநிறுத்தம் வெடித்த பிறகுதான் ஓய்வூதியர் நிலுவைக்கு 750 கோடி ரூபாய் அறிவிப்பு வந்தது. அந்த மாதம் 20-ம் தேதியே கட்டணமும் ஏறியது. பயணிகள் நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம். ஆனாலும் 2024 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். ஓய்வூதியர்களுக்கு அகவிலைப்படி உயர்வு கிடைக்காமல் 96 மாதம் ஆகியிருந்தது. எட்டு வருடம்! அந்த எட்டு வருடத்தில் அரிசி விலை யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே மகளிர் இலவசப் பயணத்தின் மேல் பழி போடச் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது தொடங்கியது 2021 மே மாதம்; நிலுவை அதற்கு முந்தைய கதை. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெண்களும் பஸ்ஸில் ஏறுவது தப்பில்லை. அதற்கான தொகையை அரசு முழுதாகவும் நேரத்துக்கும் தருகிறதா என்று கேட்பதே நியாயம். புதுப் பஸ்ஸுக்குக் கொடியசைக்கும் படம் மறுநாளே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. பிடித்தம் கட்டிய ரசீதையும் அதே வேகத்தில் காட்டினால் என்ன?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். பிடித்த பணத்தை அந்தந்த மாதமே கட்டிவிடுங்கள். அதற்கென்று தனிக் கணக்கு வையுங்கள். டீசல் செலவு அதன் பக்கம் வரக்கூடாது. எந்த மாதம் வரை கட்டியாயிற்று என்று ஒவ்வொரு பணிமனையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். ஓய்வு பெறுகிறவருக்குச் சால்வை போர்த்தும் அன்றே அவருடைய பணத்தையும் கொடுத்து அனுப்புங்கள். பழைய நிலுவைக்கு ஒரு தேதியைச் சட்டமன்றத்திலேயே அறிவித்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அரசுப் பேருந்தை நம்பியிருக்கும் ஒரு பயணி