முதலில் வாலைப் பார்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே எல்லோரும் நலம். கூடலூரில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். மண்ணுக்குள் கிடப்பவை மேலே வருகிற காலம் அதுதான்.

வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தது இருதலை மணியன் இல்லை. இருதலை மணியன் வறண்ட சமவெளியின் பாம்பு, அதன் உடம்பும் தடிமன். மண்வெட்டி பட்டு வால் போய்விட்டது என்று ஆட்கள் நினைத்ததும் சரியில்லை. சாய்வாகச் சீவிவிட்டது போன்ற அந்த வால் பிறவியிலேயே அப்படித்தான். உனக்குக் கிடைத்தது கேடயவால் பாம்பு. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம். ஐம்பதுக்கு மேல் இனங்கள். விஷம் கிடையாது. மண்புழுதான் முக்கிய உணவு. முட்டை இடாமல் குட்டி போடும்.

அந்த வாலால் தோண்டுகிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை, தோண்டுவது தலைதான். கூம்பிய தலையை மண்ணில் குத்தியதும், முதுகெலும்பு தோலுக்குள்ளேயே நெளிந்து வளைகிறது. உடம்பின் முன்பகுதி பருத்து வளைச் சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அந்தப் பிடிப்பில் தலை இன்னும் முன்னே போகிறது. முன்பகுதித் தசை நல்ல சிவப்பு. ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் அங்கே அதிகம், அதனால் சீக்கிரம் களைக்காது. பின்பகுதித் தசை வெளிறியது. விலங்கியலாளர் கார்ல் கான்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1978இல் இதை விளக்கியபோது சரக்கு ரயிலை உவமை காட்டினார்கள்: முன்னே எஞ்சின், பின்னே இழுபடும் பெட்டிகள்.

வாலின் வேலை பின்பக்கக் காவல். வால்முனைக் கேடயத்தின் செதில்களில் சிறு வரம்புகளும் முட்களும் இருப்பதால் ஈரமண் அதில் ஒட்டி அடையாகிவிடும். பின்னால் துரத்தி வருவதற்கு வளையை அடைத்த மண்தான் தெரியும், பாம்பின் சதை எட்டாது. இதில் எனக்கு வியப்பானது ஒன்று உண்டு. உடம்பின் மற்றச் செதில்கள் மண் ஒட்டாத வழுவழுப்பு. அவற்றின் நுண்ணிய அமைப்பால்தான் வெயிலில் வானவில் நிறம் மின்னுகிறது. ஒரே தோலில் மண்ணை உதறும் இடமும் மண்ணைச் சேர்க்கும் இடமும் இருக்கின்றன.

மண் அடை இருந்தால் வாலின் வடிவம் தெரியாது. உன் மூன்றாவது படத்தில் அதுதான் சிக்கல். அடுத்தமுறை ஈரமான மென்தூரிகையால் இலேசாகத் துடைத்துவிட்டு, வாலை மேலிருந்தும் பக்கவாட்டிலும் நேர் பின்னாலிருந்தும் எடு. ஃபிளாஷ் வேண்டாம், செதில் பளபளத்து விளிம்பெல்லாம் மறைந்துபோகும். நிழல் வெளிச்சமே போதும். கேடயவால் பாம்புகளின் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியை, வாலை வைத்துப் பிரிக்கலாம். சாய்வாக வெட்டியது போன்ற தட்டையான வால் யூரோபெல்டிஸ் என்ற பேரினத்தின் பல இனங்களில் உண்டு. நுனியில் சொரசொரப்பான ஒரே பெரிய வட்டக் கேடயம் குமிழ்போல இருந்தால் ரைனோஃபிஸ். வால் பக்கவாட்டில் ஒடுங்கி, நுனி முட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் பிளெக்ட்ரூரஸ்; நீலகிரியின் உயரமான பகுதிகளில் தோட்டமண்ணில் கிடைப்பது அதுதான். மெலனோஃபிடியத்துக்குக் கேடயமே இல்லை. மோவாயில் நடுப்பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

வால் பேரினம் வரைதான் கொண்டுபோகும். இனம் சொல்ல, தலையின் மேலும் பக்கமும், வயிற்றுப்புறம் முழுவதும், உடம்பின் நடுவில் ஒரு நெருக்கப் படமும் தேவை. நடு உடம்பில் வயிற்றுச் செதிலை விட்டுவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செதில் வரிசைகளை எண்ணவேண்டும். யூரோபெல்டிஸில் பெரும்பாலும் 17 வரும். வயிற்றுச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடக் கொஞ்சம்தான் அகலம் என்பதால் எண்ணிக்கை எளிதில் தவறிப்போகும். நிறத்தை நம்பாதே. உன் படத்தை யூரோபெல்டிஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவசரப்பட்டுப் பெயர் வைக்காததற்குக் காரணம் உண்டு. உனக்குப் பக்கத்திலுள்ள வயநாட்டிலிருந்தே 2020இல் இரண்டு புதிய ரைனோஃபிஸ் இனங்கள் விவரிக்கப்பட்டன. ஆனைகட்டி மலையில் கிடைத்த யூரோபெல்டிஸ் ஒன்றுக்கு, மறைந்த ஊர்வனவியலாளர் பூபதியின் பெயரை 2018இல் சூட்டினார்கள். இந்தப் பாம்புகளில் பல ஒரு மலையை விட்டு அடுத்த மலைக்குப் போவதில்லை. அதனால் எந்தச் சரிவு, எவ்வளவு உயரம், என்ன மண் என்று படத்தோடு எழுதிவை.

ஆட்களிடம் சொல்லவேண்டியது இது. பாம்பு விரலைச் சுற்றிக்கொண்டு தலையாலும் வாலாலும் குத்தும், கடிக்க வராது, பயந்து வீசவேண்டாம். மண்ணைக் கிளறும்போது வெளியே வந்தால் வெயிலில் விட்டுவிடக்கூடாது. சீக்கிரம் உலர்ந்து சாகும். வாளியில் தண்ணீர் ஊற்றாமல், பொலபொலப்பான ஈரமண்ணைப் போட்டு நிழலில் வைத்து, வேலை நகர்ந்ததும் அதே இடத்துக்குப் பக்கத்தில் விடட்டும். மண் இறுகியிருந்தால் பாம்பால் உள்ளே நுழைய முடியாது; குச்சியால் ஒரு சாண் ஆழம் கிளறிக் கொடுக்கவேண்டும். கல்லைப் புரட்டினால் முதலில் கல்லைப் பழையபடி வைத்துவிட்டு, அதன் ஓரத்தில் பாம்பை விடவேண்டும். பாம்பின் மேல் கல்லை வைத்தால் நசுங்கிவிடும். வீட்டில் வைத்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் வைத்திருக்க முடியாது.

மழை விட்ட காலையில் எஸ்டேட் சாலையில் வண்டிச் சக்கரத்தில் அடிபட்டுக் கிடப்பவையும் இருக்கும். அவற்றையும் கையால் எடுக்காமல் இதே கோணங்களில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பு. வால் நசுங்காமல் இருந்தால் அதிலிருந்தே நிறையச் சொல்லமுடியும்.

அன்புடன்,
மாணிக்கம்