நம்ம லித்தோ

அன்புள்ள கயலுக்கு,

மியூனிக் பழைய சாமான் சந்தையில் நீ வாங்கி அனுப்பிய, கல்லில் பதிந்த பறவையின் படம் நேற்று வந்து சேர்ந்தது. இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தாயே, அதில்தான் அச்சுக்காரன் மகள் தெரிகிறாள். ஒரு மடிப்பு விழவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "செத்த கோழியையா காசு கொடுத்து வாங்கியிருக்கா?" என்றாள்.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். முதலில் தேடியது புள்ளியை. சமீபத்தில் அடித்த நகல் என்றால் சாம்பல் நிறமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் எல்லாம் கோடு. கட்டையில் செதுக்கி அடித்த படம். பின்பக்கம் பழைய ஜெர்மன் எழுத்து. ஏதோ புத்தகத்தில் இருந்து பிரித்த தாள். ஏமாறவில்லை நீ.

செதுக்கியவன் நல்ல கைகாரன். கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து கிடக்கிறது, இரண்டு சிறகும் விரிந்திருக்கிறது. இறகின் தண்டில் இருந்து பிரிகிற கோடு ஒவ்வொன்றும் மயிரிழை. பாறை வந்ததும் கோட்டைத் தடிமனாக்கிவிட்டான். சிறகு மடங்கும் இடத்தில் மூன்று விரல், நுனியில் நகம். ஓணான் வால் மாதிரி நீள எலும்பு, இருபுறமும் இறகு. வாயில் பல்!

இந்தப் பழங்காலப் பறவையின் பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று எழுதியிருந்தாய். தம்பியைப் போனில் தேடிப் படிக்கச் சொன்னேன். முழுப்பெயர் ஆர்க்கியாப்டெரிக்ஸ் லித்தோகிராபிகா. நம்ம லித்தோ, கல்லச்சு! 1861இல் ஒற்றை இறகு கிடைத்தபோதே ஹெர்மன் ஃபான் மேயர் என்ற ஜெர்மன் அறிஞர் அந்தப் பெயரை வைத்துவிட்டாராம். கிடைத்தது ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் ஊர்க் கல்லில், அச்சுக்கல்லில்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சிவகாசியில் அச்சுக்கல்லுக்குப் பதில் உலோகத் தகடு வந்துவிட்டது. எங்கள் பிரஸ் பின்கட்டில் மட்டும் பழைய ஜெர்மன் கல் ஒன்று கிடந்தது, துணி துவைக்க. மேஸ்திரி அதைத் தடவிக் காட்டுவார், வெண்ணெய் மாதிரி இருக்கும். கொழுப்பு மையால் வரைந்து, தண்ணீர் தடவி, ரோலரை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். மெல்லிய கோடும் தப்பாது, அவ்வளவு நைஸ். 15 கோடி வருஷத்துக்கு முன்னால் உப்புக் கழியில் படிந்த சுண்ணாம்புச் சேறாம் அது. அடித்தண்ணீரில் பிராணவாயு இல்லை, அதனால் பிணத்தைத் தின்ன எதுவும் வரவில்லை. இறகை அப்படியே பிடித்து வைத்ததும் அந்த நைஸ்தான். நாங்கள் அதில் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

உன் படத்தில் இருப்பது பெர்லினில் இருக்கிற பறவை. 1870களில் நீமையர் என்ற விவசாயி கண்டெடுத்து, மாடு வாங்கக் காசு வேண்டும் என்று விற்றுவிட்டாராம். கை மாறிக் கை மாறி, கடைசியில் சீமென்ஸ் என்ற தொழிலதிபர் 20,000 மார்க் கொடுத்து அதைப் பெர்லினுக்கு வாங்கித் தந்தார். நீமையர் பறவையை விற்று மாடு வாங்கினார், நாம் மாட்டை விற்று உன் முதல் வருஷ பீஸ் கட்டினோம். இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "லட்சுமி நல்ல மாடு" என்றாள்.

சோல்ன்ஹோஃபனுக்கு ரயிலே போகிறதாமே. லீவு கிடைத்தால் போய்விட்டு வா. உள்ளங்கை அகலத்தில், ஒரு பக்கம் தேய்த்த கல் கிடைத்தால் எனக்கு ஒன்று வேண்டும். பெட்டி கனத்தால் அம்மா கேட்ட சாக்லேட்டைக் குறைத்துக்கொள். நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே.

அப்பா