தாய்லாந்து எல்லை ஊர் மே சோட்டில் வாத்தியாராக இருக்கும் மகனுக்கு

மௌல்மீன், பர்மா
முருகன் துணை

அன்பு மகன் தம்பிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, அக்கா, பிள்ளைகள் எல்லோரும் நலம். உன் நலமறிய ஆவல்.

போனில் பேசலாம்தான். கரண்ட் இருந்தால் லைன் இருப்பதில்லை, லைன் இருந்தால் நீ எடுப்பதில்லை. கடைசியாக எடுத்தபோது, "வகுப்பு இருக்கு அப்பா" என்று வைத்துவிட்டாய். ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன வகுப்பு என்று அம்மா என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? அந்தப் பக்கம் போகிறவர் ஒருவர் கிடைத்தார், அதனால் இந்தக் கடிதம்.

அக்காவிடம் நீ சொன்னதாக ஒரு செய்தி வந்தது. உன் வகுப்புப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மே சோட் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய், ஆளுக்குக் கொஞ்சம் பாட் காசு கொடுத்து, தாய்லாந்து பாஷையில் பேசி எதையாவது வாங்கி வரச் சொல்லப் போகிறாயாம். வகுப்பில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை, கம்ஃபர்ட் சோனை விட்டு வெளியே வந்தால்தான் தேறுவார்கள் என்றாயாம். நல்ல யோசனை. கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது: கூடப் போவது யார்? அக்காவுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. நீயா? அங்கே தாய்லாந்துக்கார டீச்சர் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருந்தாயே, அவரா? அவர் போனால் நல்லது. உள்ளூர்க்காரர் கூட இருந்தால் கடைக்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

உனக்கு வாத்தியார் வேலை சொல்லித்தர நான் வரவில்லை. நீ பிசிக்ஸ் படித்தவன். நான் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். 1960களில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு இங்கே நம் தமிழுக்குக் கோடை லீவுதான் காலம். ஜூன் பிறந்தால் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் மாட்டிக்கொண்டு எல்லாம் பர்மியப் பள்ளிக்கு ஓடிவிடும். ஆனாலும் வாய் திறக்காத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்தாயிற்று.

நம் ஊர்ப் பள்ளியில் வகுப்பு முழுக்க ஒரே குரலில் பாடம் ஒப்பிக்கும், தெருமுனைவரை கேட்கும். அதில் எந்தப் பிள்ளைக்கும் தன் குரல் தனியாக எப்படி இருக்கும் என்று தெரியாது. 2016இல் கேஜியிலிருந்து புதுப் பாடத்திட்டம் வந்தபோது, குழுவாக உட்கார்ந்து பேசிப் படிக்க வேண்டும் என்றார்கள். சரி, உட்கார்ந்தார்கள். அக்கா மகன் வகுப்பில் குழுவுக்கு ஒரு கெட்டிக்காரன் பேசினான், மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் இன்னொன்று. பர்மாக்காரர்கள் புத்தர், தர்மம், சங்கம், தாய் தகப்பன், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்து வணங்குகிறவர்கள். சயா என்று கூப்பிடும் வாத்தியாருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நடக்கும் பிள்ளை, "சயா, எனக்குப் புரியவில்லை" என்று எப்படிச் சொல்லும்? சொன்னால் நீ நடத்தினது சரியில்லை என்று ஆகிவிடுமே என்று கூசும். அதைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதிவிடாதே.

இது இங்கே இருக்கிற பிள்ளைகள் கதை. உன் பிள்ளைகள் எல்லை ஆற்றைத் தாண்டி வந்தவை. அவற்றுக்குச் சொகுசு ஏது, தம்பி? ஊர் போச்சு, வீடு போச்சு, பாதிப் பேருக்கு அப்பாவும் அம்மாவும் எங்கோ கட்டட வேலையில். கடைசி பெஞ்சின் மூலை ஒன்றுதான் அந்தப் பிள்ளைக்கு மிச்சம். அதையும் பிடுங்கி எடுத்த எடுப்பில் சந்தை நடுவில் நிறுத்தினால் என்ன செய்யும்? வெளியே வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மார்க்கெட் கடைசியில் இருக்கட்டும்.

முடோன் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை கோடை வகுப்புக்கு வந்ததே, எப்போதும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, உனக்கு நினைவிருக்கும். பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்க்கும். பேசு, பேசு என்று கோயில் கமிட்டிக்காரர்கள் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். நான் வருகைப் பதிவேட்டை அதன் கையில் கொடுத்து, கண்ணாடி கொண்டுவரவில்லை, நீ பேரைப் படி, நான் டிக் போடுகிறேன் என்றேன். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. முதல் நாள் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருத்தன், "என் பேரைச் சொன்னியா இல்லையா?" என்று கத்தினான். திருப்பி அவன் பேரைச் சொன்னாள் பார், கோபத்தோடு, மண்டபமே திரும்பிப் பார்த்தது. பேசுகிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை, கையில் ஒரு வேலை இருக்கிறது, அதை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். லீவு முடிவதற்குள் பத்துக் குறள் ஒப்பித்தாள். மேடையில் இல்லை, திண்ணையில், நாலு பேருக்கு முன்னால். மேடை அடுத்த வருஷம்தான். நடுவில் ஒரு கமிட்டிக்காரர் திருவிழாவில் ஏற்றிவிடலாம் என்று நச்சரித்தார். நான் விடவில்லை. அவருக்குப் போட்டோ வேண்டும், அந்தப் பிள்ளைக்கு என்ன?

கேள்வி கேட்டால் பொறுமையாக இரு. இதை மட்டும் மறக்காதே. மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்க அம்மா வகுப்பறைகளில் உட்கார்ந்து நேரத்தை அளந்து பார்த்தார். வாத்தியார் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செகண்டுதான் காத்திருக்கிறார், அதற்குள் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார். அதை மூன்று செகண்டாக்கினால் பதில் நீளமாக வருகிறது, வழக்கமாகப் பேசாத பிள்ளையும் பேசுகிறது. மூன்று செகண்ட் என்றால் கொஞ்சம் என்று தோன்றும். வகுப்பில் நின்று பார், வாய் தானாகத் திறக்கும். தாய்லாந்து பாஷையை மூன்றாவதாகவோ நாலாவதாகவோ கற்கிற பிள்ளைக்கு ஐந்து செகண்ட் கொடு. உனக்குத்தான் பொறுமை கிடையாது, சின்ன வயதிலிருந்தே.

உன்னையே எடுத்துக்கொள்ளேன். கடைக்குப் போகச் சொன்னால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவன்தானே நீ. பாட்டி முதலில் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம் சீட்டு இல்லாமல் அரை வீசை வெங்காயம் மட்டும் கேட்டு வாங்கச் சொன்னார். அப்புறம் வெங்காயம் அழுகல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அன்றைக்கு நீ அழுதது எனக்குத் தெரியும், திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும் தெரியும். ஆனால் ஒரு நாள்கூட உன்னைத் தனியாக விட்டதில்லை என்பது உனக்குத் தெரியாது. அக்கா எதிர்ச் சாரியில் உனக்குத் தெரியாமல் வந்துகொண்டிருப்பாள். அவளையே கேட்டுப் பார்.

அதனால்தான் கூடப் போவது யார் என்று கேட்கிறேன்.

கூச்சம் வேறு, ஆபத்து வேறு, தம்பி. இரண்டுக்கும் வயிறு ஒரே மாதிரிதான் கலங்கும். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, சயாவுக்குத் தெரிய வேண்டும். மீன்காரி சிரித்துவிடுவாளோ என்பது கூச்சம். அதைத் தாண்ட வைக்கலாம், லேசாகத் தள்ளிக்கூட விடலாம். யூனிஃபார்ம் போட்டவர் வந்து கார்டைக் காட்டு என்பாரோ என்று ஒரு பிள்ளை பயந்தால், அது தைரியத்தால் தீருகிற சமாசாரம் இல்லை. கையில் காகிதம் இருந்தால் தீரும். தாய்லாந்தில் 2005இலேயே அரசாங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது, காகிதம் இல்லாத பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் சேரலாம் என்று. அரசுப் பள்ளியில் சேர்ந்தால் ஜி எழுத்தில் தொடங்கும் ஒரு நம்பர் கொடுக்கிறார்களாமே. உன் வகுப்பில் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாயா? யாரிடமும் எதுவும் இல்லை என்றால் என்ன செய்வதாக உத்தேசம்? வாத்தியார்களுக்கு அந்த மாதிரி ஏதாவது உண்டா? பொதுவாகக் கேட்கிறேன்.

என்னைக் கேட்டால் முதலில் வகுப்பிலேயே கடை போடு. பெஞ்சைத் திருப்பிப் போட்டு, வெங்காயம், சோப்பு, காலி பாட்டில் எதுவாவது வை. நீ வாங்குகிறவனாக நில், பிள்ளைகள் விற்கட்டும். உன் தாய்லாந்து பாஷை அரைகுறைதான் என்று நீயே சொல்கிறாய், அதை அப்படியே பேசு. சயா தப்பாகப் பேசி, பிள்ளைகள் சிரித்து, சயாவும் சிரித்தால் அப்புறம் அங்கே தப்புக்கு யார் பயப்படப் போகிறார்கள்? அடுத்தது, வாசலில் நூடுல்ஸ் விற்கிறவர் யாராவது இருந்தால் உள்ளே கூப்பிட்டு விற்கச் சொல். அதன்பிறகு பக்கத்துக் கடை, இரண்டிரண்டு பேராக. வர மாட்டேன் என்கிற பிள்ளையை விட்டுவிடு, பை தூக்க மட்டும் வரட்டும். மார்க்கெட் கடைசியில். மார்க்கெட்டுக்கும் அந்தத் தாய்க்கார டீச்சர்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. மழை விடவில்லை. அக்கா மகன் பாஸ். வார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து குடும்பப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா டீ கொடுத்தாள். எல்லோருக்கும் பார்க்கிறார்களாம். உன் சைக்கிளை அக்கா மகன் ஓட்டுகிறான், திட்டாதே.

அங்கே போய்வந்த ஒருவர் உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். நீ காம்பவுண்டை விட்டு வெளியே வருவதே இல்லை, சாப்பாடுகூட யாரோ வாங்கி வந்து கொடுக்கிறார்கள், இளைத்துவிட்டாய் என்றார். அம்மாவிடம் இளைத்தது மட்டும் சொல்லவில்லை. மற்றவர்களை வெளியே வா என்று கூப்பிடுகிறவன் இப்படி உள்ளேயே கிடந்தால் என்ன அர்த்தம் என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் வயதில் நான் தாட்டோனிலிருந்து மூட்டை ஏற்றி வந்து விற்றவன், நான்கு பாஷையில் சண்டை போட்டவன். ராத்திரி படுத்து யோசித்தபோது, உள்ளேயே இருக்கட்டும் என்று தோன்றியது. காலையில் மறுபடி, எத்தனை நாளைக்கு இப்படி என்று தோன்றியது. நீயே ஒரு முடிவு சொல். நீ பெரியவன்.

ஊருக்கு எப்போது வருவாய் என்று யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று சொல்லிவிடுகிறேன். நீயும் அவசரப்பட வேண்டாம். வழியில் கவ்கரெய்க் பக்கம் ரோடு சரியில்லை என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். அம்மா கேட்டால் வருகிறேன் என்று சொல்லு, வராதே.

உடம்பைப் பார்த்துக்கொள். டாக்டர் சிந்தியா 1989இல் தொடங்கின மே தாவ் கிளினிக் பக்கத்தில்தானே இருக்கிறது, பல் வலியை இழுத்துக்கொண்டு கிடக்காமல் போய் என்ன ஏது என்று கேள். கார்டு இல்லை என்று அங்கே யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்களாம். இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்.

அம்மா காய்ந்த இறால் வறுத்துக் கட்டியிருக்கிறாள். மிளகாய் குறைவாகத்தான் போட்டிருக்கிறாள், தாய்க்கார டீச்சருக்கும் கொடுக்க வேண்டுமாம். குறுக்குக்கோடு போட்ட நோட்டு ஒரு டஜன் வைத்திருக்கிறேன், பிள்ளைகளுக்கு. கூடவே உன் ஸ்கூல் சர்ட்டிபிகேட், டிகிரி இரண்டுக்கும் ஜெராக்ஸ் இருக்கிறது. நீ கேட்கவில்லைதான், எதற்காவது உதவும். நனையாமல் பிளாஸ்டிக்கில் சுற்றியிருக்கிறேன்.

கொண்டு வருபவர் இரண்டு நாள் அங்கே இருப்பார், திரும்பும்போது பதில் கொடுத்து அனுப்பு. நீளமாக எழுத நேரமில்லை என்பாய், தெரியும். சனிக்கிழமை யார் கூட்டிப் போகிறார்கள் என்று அந்த ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு
அப்பா

பி.கு: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, போனை எடுக்கச் சொல்லி எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.