நுரையீரல் புற்றுநோயும் நுண்ணுயிர்க் கணிப்பும்: சில விளக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரலிலும் குடலிலும் வாழும் நுண்ணுயிர்களையும் நோயாளியின் மரபணுக்களையும் ஒருங்கே ஆராய்ந்து, நுரையீரல் புற்றுநோய் எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டியே அறியலாம் என்று விளக்கும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். மருத்துவக் கல்லூரியொன்றில் நெடுங்காலம் நுண்ணுயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், இத்தகைய செய்திகள் தமிழில் வருவது எனக்கு மகிழ்ச்சியே. எனினும், மரபணுச் சோதனையும் நுண்ணுயிர்ச் சோதனையும் ஒரே முதிர்ச்சியை எட்டிவிட்டவைபோலக் கட்டுரையில் சொல்லப்பட்டிருப்பது, நோயாளியின் வீட்டாரைத் தேவையற்ற செலவில் இழுத்துவிடும் என்று அஞ்சுவதால் இதை எழுதுகிறேன்.

மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் உள்ள மாற்றத்துக்கும் ஜெஃபிடினிப் மாத்திரை பலன் தருவதற்கும் உள்ள தொடர்பு 2004-இலேயே வெளிவந்துவிட்டது. ஏஎல்கே மரபணு வேறொன்றோடு ஒட்டிக்கொள்வதால் வரும் புற்றை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் கண்டறிந்தனர். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் கொண்டு, அறுவைச் சிகிச்சையும் முடித்தவர்களுக்கு ஒசிமெர்டினிப் மாத்திரை கொடுத்துப் பார்த்த அடாரா ஆய்வின் 2023 முடிவுப்படி, ஐந்தாண்டுகள் கழித்து உயிரோடிருந்தவர்கள் 88 விழுக்காட்டினர்; வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே அது 78 விழுக்காடு. மருந்து வேலை செய்யாது என்று எச்சரிக்கும் மரபணுக்களும் உண்டு. கேராஸ் என்னும் மரபணுவின் மாற்றத்தோடு எஸ்டிகே11 மரபணுவும் பழுதாகியிருந்தால், நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடுவதில்லை என்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் தலைமையிலான குழு 2018-இல் காட்டியது. ஆகவே பயாப்ஸி எடுத்த திசுவில் இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டீர்களா என்று மருத்துவரிடம் கேட்பது, முற்றிய நிலையில் உள்ள நோயாளிக்கு இன்று அடிப்படைத் தேவை.

நுண்ணுயிர்களின் கதை வேறு. அதிலும் கட்டுரையாளர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிட்டார் என்பது என் எண்ணம். எந்தச் சிகிச்சை தந்தாலும் இந்த நோய் விரைந்து முற்றுமா என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒரு மருந்து இவருக்குப் பலிக்குமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல எடுத்துக்காட்டு. சிகிச்சை தொடங்காத 83 நோயாளிகளின் கீழ் மூச்சுக்குழலிலிருந்து அவர்கள் மாதிரி எடுத்தனர். வெயில்லொனெல்லா, பிரெவோடெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிய வாய்க்குள் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே மிகுந்திருந்தவர்களின் வாழ்நாள் குறைவாக இருந்தது. அதே மூச்சுக்குழல் செல்களில் எந்தெந்த மரபணுக்கள் மும்முரமாக இயங்குகின்றன என்று பார்த்தபோது, புற்றுச் செல்களைப் பெருகச் செய்யும் பிஐ3கே என்னும் சமிக்ஞைத் தொடரும் முடுக்கப்பட்டிருந்தது. வெயில்லொனெல்லாவை எலிகளின் மூச்சுக்குழலில் செலுத்தியபோது புற்று வேகம் பிடித்தது. நுண்ணுயிரும் மரபணுவும் உண்மையிலேயே கைகோக்கும் இடம் இதுதான். கட்டுரை இதை இரண்டு வரியில் தாண்டிப் போய்விட்டது.

இரண்டாம் கேள்விக்குப் பாரிஸுக்கு அருகே வில்ஷுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூசி மருத்துவமனையின் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். இம்யூனோதெரபி பெற்ற நுரையீரல், சிறுநீரகம், சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயாளிகள் 249 பேரில், அச்சிகிச்சையை ஒட்டிய வாரங்களில் ஆன்டிபயாடிக் உட்கொண்டவர்கள் 69 பேர். அவர்களின் இடைநிலை வாழ்நாள் (அதாவது பாதிப்பேர் உயிரோடு கடந்த காலம்) 11.5 மாதங்கள், உட்கொள்ளாதவர்களுக்கு 20.6 மாதங்கள். பலன் கண்டவர்களின் குடலில் அக்கர்மான்சியா என்னும் பாக்டீரியா கூடுதலாகத் தென்பட்டது. ஆன்டிபயாடிக் தேவைப்பட்டவர்கள் ஏற்கெனவே நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்ற மறுப்பு உடனே எழும். அது நியாயமான மறுப்பே. 2022-இல் அதே குழு 338 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் மீண்டும் சோதித்தபோது, அக்கர்மான்சியா இருப்பது நன்மை என்று தெரிந்ததோடு, அது அளவுக்கு மீறிப் பெருகியிருந்தால், குறிப்பாக ஆன்டிபயாடிக் உட்கொண்ட பின் அப்படிப் பெருகியிருந்தால், விளைவு மோசமாவதும் தெரிந்தது. 'நல்ல பாக்டீரியா' என்று பெயரிட்டுக் குப்பியில் அடைத்து விற்பவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதே இல்லை.

ஆய்வகத்தில் வேலை செய்தவன் என்பதால், கட்டுரை தொடாத ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். மூச்சுக்குழலைப் பார்க்கும் பிராங்கோஸ்கோப் குழாய் வாய் அல்லது மூக்கு வழியாகத்தான் உள்ளே செல்கிறது; போகும் வழியில் தொண்டையின் பாக்டீரியாக்களையும் துடைத்துக்கொண்டு போகிறது. நுரையீரலில் நுண்ணுயிர்கள் மிகச் சொற்பம். எனவே கீழே எடுத்த மாதிரியில் வாய்ப் பாக்டீரியா கிடைத்தால், அது நோயாளி உறக்கத்தில் எச்சிலைச் சிறிது சிறிதாக மூச்சுக்குழலுக்குள் இழுத்ததால் வந்ததா, குழாய் கொண்டுபோனதா என்று பிரித்தறிய வேண்டும். அதற்காகவே நோயாளிக்குள் நுழைக்கும் முன் குழாயின் உட்புறத்தை உப்புநீரால் கழுவி, அந்த நீரையும் தனி மாதிரியாகச் சோதிப்பார்கள். டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் ரசாயனக் கரைசல்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ ஒட்டியிருக்கும். திசு எதுவும் சேர்க்காத வெறும் சோதனைக்குழாயைக் கருவியில் ஓட்டினாலும் திரையில் பாக்டீரியாப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்பதை இத்துறையில் உள்ள எவரும் கண்டிருப்பர்.

இந்த எச்சரிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்றே இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களை நுண்ணுயிர் டிஎன்ஏவைக் கொண்டே கணினியால் பிரித்தறியலாம் என்று 'நேச்சர்' இதழில் 2020-இல் வந்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் உள்ளிட்டோர் 2023-இல் அந்தத் தரவுகளைத் திரும்பப் பார்த்தபோது, மனித டிஎன்ஏத் துணுக்குகள் பாக்டீரியாவாக எண்ணப்பட்டிருந்ததும், எண்களைச் சீர்செய்த கணக்குமுறை, உண்மையில் இல்லாத அடையாளங்களை உருவாக்கியிருந்ததும் தெரியவந்தன. இறாலைத் தாக்கும் ஒரு வைரஸ் இனம் அட்ரினல் சுரப்பிப் புற்றின் முக்கிய அடையாளமாக அதில் நின்றது! 2024-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கணினி மிகத் துல்லியமாகக் கணித்தது என்ற ஒரு வரியை மட்டும் வைத்து எதையும் நம்பிவிட முடியாது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

நம் நாட்டுக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. மார்பு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், சளியில் கிருமி தென்படாவிட்டாலும் காசநோயாக இருக்கலாம் என்று மருந்தைத் தொடங்குவதும், பலனில்லாமல் போன பிறகே பயாப்ஸி எடுத்துப் புற்று என்று அறிவதும் இங்கு மார்பு நோய் மருத்துவர்கள் நன்கறிந்த அவலம். காசநோய் சிகிச்சையின் தூணான ரிஃபாம்பிசின் காசநோய்க் கிருமியை மட்டும் தாக்குவதன்று, பலவகைப் பாக்டீரியாக்களையும் அழிக்கும் மருந்து. அதை மாதக்கணக்கில் விழுங்கிய பின் இம்யூனோதெரபிக்கு வரும் நோயாளியின் குடலுக்கு, பிரெஞ்சு நோயாளிகளின் மலத்தைக் கொண்டு வகுத்த அளவுகோல் எப்படிப் பொருந்தும்? சோறும் சாம்பாரும் மோரும் உண்டு வளர்ந்த குடலின் நுண்ணுயிர்க் கூட்டமே வேறு. நம் நோயாளிகளிடம் இங்கேயே ஆய்ந்து பார்க்கும்வரை எந்த அளவுகோலையும் அப்படியே இறக்குமதி செய்ய இயலாது.

ஆதலால் குடல் நுண்ணுயிர்ப் பரிசோதனை என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டிகளுக்கு இன்று நுரையீரல் புற்றுநோயாளி பணம் செலவிட வேண்டியதில்லை. நல்ல பாக்டீரியா அடங்கியவை என்று கடையில் தாமாக வாங்கும் புரோபயாடிக் மாத்திரைகளும் அப்படியே; மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், நார்ச்சத்து மிக்க உணவு உண்டவர்களுக்கு இம்யூனோதெரபி நன்கு பலித்தது, புரோபயாடிக் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் நன்மை காணப்படவில்லை. செய்யக்கூடியது செலவில்லாத ஒன்று: கடந்த சில மாதங்களில் உட்கொண்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயரையும் தேதியையும் எழுதிவைத்துப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுவது, சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்காமலிருப்பது. நிமோனியா போன்ற தொற்று வந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தயங்காமல் உட்கொள்ள வேண்டும். கணிப்புக்குப் பயந்து தொற்றை வளரவிடுவது உயிருக்கே ஆபத்து.

தங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். மரபணுப் பரிசோதனை அறிக்கையில் என்னென்ன எழுதியிருக்கும், எந்த வரிக்கு எந்த மருந்து, அரசு மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு என்ன வழி என்பதை விளக்கி, புற்றுநோய் மருத்துவர் ஒருவரைக் கொண்டு தனிக் கட்டுரை வெளியிட்டால் வாசகர்களுக்கு உடனடிப் பயன் தரும்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர், பணி ஓய்வு,
மதுரை.