தொட்டிக்கு முன் தண்ணீர்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்து, அவர் மறுபடியும் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சுகம். மகள் செப்டெம்பரில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். அவளுடைய அறை தனக்குத்தான் என்று மகன் இப்போதே உரிமை கொண்டாடுகிறான்.

இனி, லண்டனில் பவளம் வளர்க்க நீ அமைக்கும் கடல்நீர்த் தொட்டிக்கு வருகிறேன். ஆறடி நீளம், கீழ்த்தொட்டியையும் சேர்த்தால் 1,100 லீற்றர். இதற்கு ஊற்றும் குழாய் நீரைச் சுத்திகரிக்க நான்கு நிலைக் கருவி போதுமா, ஏழு நிலை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நிலைகளின் எண்ணிக்கை விற்பவர்களுக்கு வசதியான கணக்கு. உன் வீட்டுக் குழாயில் என்னென்ன வருகின்றன, அவற்றில் எதை எந்தப் பாகம் பிடித்து நிறுத்தும் என்பதுதான் நீ போட வேண்டிய கணக்கு. அதைத் தெரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானாகவே துலங்கிவிடும்.

தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர் மட்டும்தான். உன்னுடைய தொட்டியின் அளவுக்கு நாளொன்றுக்குப் பத்து லீற்றர் வற்றினால் வியப்பில்லை. அதை ஈடுசெய்ய நீ ஊற்றும் நீருடன் சேர்ந்து வருவதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். வருடத்துக்கு 3,650 லீற்றர் என்று பார்த்தால், முழுக் கொள்ளளவைப் போல மூன்று மடங்குக்கு மேல். குழாய் நீரில் செம்பு கொஞ்சம்தானே இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாதது இதனால்தான். குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறது. இறாலும் நத்தையும் பவளமும் அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்கமாட்டா.

லண்டன் தண்ணீர் பெரும்பாலும் தேம்ஸ், லீ ஆறுகளிலிருந்தும் நிலத்தடிச் சுண்ணப்பாறையிலிருந்தும் வருகிறது. பல பகுதிகளில் அதன் கடினத்தன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும். ஒன்ராறியோ ஏரியிலிருந்து எங்களுக்கு வரும் நீரில் ஏறத்தாழ அதில் பாதிதான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கேத்திலின் அடியில் படிந்த வெள்ளைப் படை உனக்கு நினைவிருக்கும். அதே படைதான் உன் கருவியின் ஆர்.ஓ. மென்சவ்வின் மீதும், அதாவது அழுத்தத்தோடு வரும் நீரில் கரைந்த உப்புகளைத் தடுத்துக் கழிவு நீராகப் பிரித்துவிடும் மெல்லிய சவ்வின் மீதும், படியக் காத்திருக்கிறது.

பொஸ்பேற் இன்னொரு விடயம். பழைய வீடுகளின் ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வராதிருக்க நீர் வழங்குவோர் அதைச் சேர்க்கிறார்கள். ரொறொன்ரோவிலும் 2014 முதல் சேர்க்கிறார்கள். மனிதருக்கு அது நல்ல காவல். ஆனால் குழாயில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் வரும் பொருளைத் தொட்டிக்குள் 0.03க்கும் 0.1க்கும் இடையில் பிடித்து வைக்க நாம் பாடுபடுகிறோம். கூடினால் பாசி எழும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது மந்தமாகும். நைத்திரேற்றுக்கும் இதே கதைதான். சட்டம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை விடுகிறது.

ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன் உன் தபால் குறியீட்டுக்கு உரிய நீர்த்தர அறிக்கையை எடு. இலவசமாகவே கிடைக்கும். கிருமி கொல்ல வெறும் குளோரின் போடுகிறார்களா, குளோரமீன் போடுகிறார்களா என்று தொலைபேசியிலும் கேட்டு உறுதிப்படுத்து. லண்டனில் பெரும்பாலும் குளோரமீன் என்றே பதில் வரும்.

நீ கூடுதலாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். குளோரினும் அமோனியாவும் சேர்ந்து உண்டாவது குளோரமீன். வெறும் குளோரினை ஒரு சாதாரண காபன் வடிகட்டியே முடித்துவிடும். குளோரமீன் அப்படி எளிதில் உடையாது. காபனோடு அது அதிக நேரம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேகமாக ஓடவிட்டால் ஒரு பகுதி உடையாமலே தப்பி, மென்சவ்வையும் அரித்துவிட்டு உள்ளே போகும். உடைந்தாலும் பிரச்சினை முடிவதில்லை. குளோரின் போய்விட, அமோனியா மிஞ்சும். அதில் ஒரு பகுதி மென்சவ்வையும் கடந்து வரும். கடைசியில் அதைப் பிடிப்பது டி.ஐ. ரெசின், அதாவது மென்சவ்வைத் தாண்டி வரும் மிச்ச அயன்களைப் பிடித்துவைக்கும் மணிகள்தான். அதனால் உன் கருவியில் அடுத்தடுத்து இரண்டு காபன் உருளைகள் இருக்கட்டும். அவை குளோரமீனுக்கென்றே செய்யப்பட்ட வினையூக்கக் காபனாக இருந்தால் மிக நல்லது. ஏழு நிலைக் கருவியில் கண்ணைக் கவரும் வேறு உருளைகளுக்குக் கொடுக்கும் பணத்தை இங்கே போடு. இரண்டாவது காபனுக்குப் பின்னால் மொத்தக் குளோரின் அளவைச் சோதித்துக்கொண்டிரு. சுயாதீனக் குளோரினை மட்டும் காட்டும் சோதனைத் தாளில் குளோரமீன் தெரியவே தெரியாது.

மென்சவ்வைப் பற்றி எழுதும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கடல் நீரிலிருந்து நடைமுறையில் பயன்படும் அளவுக்கு நன்னீர் பிரித்த முதல் ஆர்.ஓ. மென்சவ்வை 1960 அளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் உருவாக்கியவர்கள் சிட்னி லோப், சீனிவாச சௌரிராஜன் என்ற இருவர். சௌரிராஜன் பின்னர் எங்கள் ஒட்டாவாவில் உள்ள தேசிய ஆராய்ச்சிச் சபையில் நீண்ட காலம் பணியாற்றினார். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரைத் தாங்கிய ஒருவரின் உழைப்பு, இன்று உலகெங்கும் குடிநீராகவும் நம் தொட்டி நீராகவும் ஓடுகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மென்சவ்வு வாங்கும்போது கலன் எண்ணைப் பார்த்து மயங்காதே. நாளுக்கு 75 கலன், அதாவது சுமார் 284 லீற்றர் தரும் நல்ல மென்சவ்வு, கரைந்த உப்புகளில் 98 வீதம் வரை தடுக்கும். அதிக அளவு தருவதாகச் சொல்லும் சிலவற்றில் இந்த வீதம் இறங்கிவிடும். இரண்டு வீதம் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். உன் குழாயில் ரி.டி.எஸ்., அதாவது கரைந்த பொருட்களின் மொத்த அளவு, 360 என்று வைத்துக்கொள். 98 வீதம் தடுத்தால் 7 மிஞ்சும். 96 வீதம் என்றால் 14. மிஞ்சுவதை முழுவதும் ரெசின்தான் விழுங்க வேண்டும். ஆக, ரெசின் செலவு இரட்டிப்பாகும். கடின நீருள்ள ஊரில் பணம் கரைவது ரெசினில்தான்.

அந்த மென்சவ்வின் அளவெல்லாம் 25 பாகை நீருக்கும் ஏறக்குறைய 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் சொல்லப்பட்டவை. இங்கே ஜனவரியில் குழாயைத் திறந்தால் விரல் விறைக்கும். அப்போது பாதி கிடைத்தாலே பெரிய காரியம். உங்கள் குளிர்காலமும் உற்பத்தியை நன்றாகக் குறைக்கும். முதல் நிரப்புதலுக்குக் கோடையில் நான்கு நாள் என்றால் குளிர்காலத்தில் ஒரு கிழமைக்கு மேல் ஆகலாம். பழைய லண்டன் வீடுகளில் குழாய் அழுத்தமும் குறைவாக இருப்பதுண்டு. ஓர் அழுத்தமானி வாங்கிப் பார். 50க்குக் கீழே காட்டினால் அழுத்தம் கூட்டும் சிறு பம்பு ஒன்றைத் தயங்காமல் சேர்த்துக்கொள். அழுத்தம் குறைந்தால் அளவோடு சேர்ந்து தரமும் விழும்.

கழிவு நீரைக் குறைக்க இரண்டு மென்சவ்வுகளைத் தொடராகப் பூட்டும் முறையை நீ விரும்பியிருந்தாய். இங்கே நான் அதைத் தடுக்கமாட்டேன், ஆனால் உன் ஊர் நீருக்கு இப்போதைக்கு வேண்டாம். முதலாவதின் செறிந்த கழிவு இரண்டாவதுக்குள் போகும்போது சுண்ணம் விரைவாகப் படிந்து அடைத்துவிடும். வீட்டுக்கு உப்புப் போட்டு இயக்கும் நீர் மென்மையாக்கி பொருத்தினால் நிலைமை மாறும். கல்சியத்துக்குப் பதிலாக வரும் சோடியத்தை மென்சவ்வு எளிதாகத் தடுக்கும். அதுவரை ஒரு பங்கு நல்ல நீருக்கு மூன்று பங்கு கழிவு என்று ஏற்றுக்கொள். முதல் நிரப்புதலுக்கு மொத்தம் 4,400 லீற்றர் மீற்றரில் ஓடும். கழிவு என்று பெயரே தவிர அது கொஞ்சம் செறிந்த குழாய் நீர்தான். தோட்டத்துக்கு விடு, அக்காவின் கறிவேப்பிலைச் சாடிக்கு மட்டும் வேண்டாம், அவ்வளவு சுண்ணம் அதற்கு ஆகாது.

ரெசின் உருளைகளும் இரண்டு வேண்டும். முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை முன்னால் மாற்றி, புதியதைப் பின்னால் வை. தீர்ந்துபோன ரெசின் தான் பிடித்துவைத்த பலவீனமான பொருட்களைத் திரும்ப விட்டுவிடும். அவற்றில் முதலில் வெளியேறுவனவற்றில் சிலிக்காவும் ஒன்று. ரி.டி.எஸ். மானி சிலிக்காவைக் காட்டாது. மானியில் பூச்சியம், தொட்டி மணலில் சிலிக்காவால் வளரும் மண்ணிறப் பாசிப் படை என்று பலர் குழம்புவது இதனால்தான். இன்னொன்றும் பார்த்துக்கொள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டை மென்சவ்வு தடுக்காது. அது நேரே போய் ரெசினைத் தின்றுவிடும். ஆர்.ஓ. நீரை ஒரு வாளியில் எடுத்து பி.எச். பார், இரவு முழுவதும் காற்றுக்கல் போட்டுவிட்டுக் காலையில் மறுபடி பார். நன்றாக உயர்ந்திருந்தால் அந்த வாயு இருக்கிறது என்று பொருள். அப்போது இருவகை அயன்களையும் பிடிக்கும் கலப்பு ரெசினுக்கு முன்னால், எதிர் மின்னேற்றமுள்ள அயன்களை மட்டும் பிடிக்கும் தனி உருளை ஒன்றைச் சேர்ப்போம். இப்போதே அதற்குச் செலவழிக்காதே.

நீரைச் சிறுகச் சிறுக எடுக்காதே. கருவி ஓய்ந்திருக்கும்போது மென்சவ்வின் இரு பக்கமும் சமனாகி, மறுபடி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களுக்கு மோசமான நீர் வரும். ரெசினுக்கு முன்னால் ஒரு திருப்பு வால்வு வைத்து அந்த நீரை வெளியேற்று. உணவுக்கு உகந்த 200 லீற்றர் பீப்பாய்கள் இரண்டு வைத்து, கிழமைக்கு ஒரு முறை முழுவதாக நிரப்பு. ஒன்றில் வெறும் நீர், மற்றதில் உப்புக் கலந்தது. இரண்டும் சேர்ந்தால் 400 கிலோவுக்கு மேல் என்பதை மறவாதே. மரத் தளமுள்ள அறையில் வைக்காமல் பின்புறச் சீமெந்துத் தளத்தில் வை. நிரம்பினால் நீரை நிறுத்தும் மிதவை வால்வு கட்டாயம்.

நெடுந்தீவில் பவளக்கல் மதில்களைத் தடவிப் பார்த்தபடி நடந்தவர்கள் நாம். கடலில் உயிரோடு இருப்பவை இன்று படும் பாடு உனக்குத் தெரியும்; 2024இல் நான்காவது உலகளாவிய பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடலிலிருந்து பிடுங்கியவற்றை வாங்காமல், வளர்ப்பகங்களில் பெருக்கிய துண்டுகளையே வாங்கு. அவற்றுக்காகவே தண்ணீரைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஆகஸ்டில், மகள் போவதற்கு முன், எல்லோருமாக லண்டன் வர எண்ணியிருக்கிறோம். அதற்குள் பவளம் வைக்க அவசரப்படாதே. கருவி பொருத்தி, உப்பு நீர் ஓடிக்கொண்டிருந்தாலே போதும். நீர்த்தர அறிக்கை கைக்கு வந்ததும் கடினத்தன்மை, நைத்திரேற், பொஸ்பரஸ், செம்பு, அழுத்தம் ஐந்தையும் எழுதி அனுப்பு. சோதனைப் பெட்டிகளை நான் கொண்டுவருகிறேன், அங்கே புதிதாக வாங்காதே. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்
ஸ்காபறோ